"பழகிவிடும்" என்னும் சொல்லை முன்வைத்து

தீபாவளி நெருங்கும்போது நாய்களின் அச்சத்தைப் பற்றி எவரேனும் பேசினால், "அதெல்லாம் பழகிவிடும்" என்ற மறுமொழி உடனே வந்துவிடுகிறது. ஆண்டுதோறும் வெடி வெடிக்கிறது, நாய்களும் தெருவில் இருக்கத்தான் செய்கின்றன, எனவே அவை பழகிக்கொண்டன என்பது இதன் தருக்கம். இத்தருக்கம் பிழையானது. லிட்டில் அந்தமானின் ஹட் பே போன்ற ஒரு சிற்றூரை வைத்துப் பார்த்தால் பிழை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும்.

ஓர் உயிர் ஓர் ஒலிக்குப் பழக வேண்டுமானால் அவ்வொலி மிதமானதாகவும், எதிர்பார்க்கத்தக்கதாகவும், தீங்கற்றது என அறியும் அளவுக்கு அடிக்கடி நிகழ்வதாகவும் இருத்தல் வேண்டும். ஹட் பே ஜெட்டியில் கப்பல் எழுப்பும் ஒலிக்கு அங்குள்ள நாய்கள் தலை நிமிர்த்தாமல் படுத்திருப்பதில் வியப்பில்லை. சரவெடியும் அணுகுண்டும் அவ்வாறானவை அல்ல. ஆண்டில் சில நாள்கள் மட்டும், முன்னறிவிப்பின்றி, மிகுந்த வீச்சோடு, எத்திசையிலிருந்து என்று அறிய இயலாதவாறு அவை ஒலிக்கின்றன. இத்தகைய ஒலி பல நாய்களிடம் எதிர்விளைவையே உண்டாக்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் அச்சம் கூடி, பின்னர் இடிக்கும் கதவு அறையும் ஓசைக்கும் அது பரவக்கூடும்.

அப்படியானால் நாய் பழகிவிட்டது என்று மனிதர் எதை வைத்துச் சொல்கின்றனர்? பெரும்பாலும் அதன் அமைதியை வைத்துத்தான். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. தம் நாய் ஒலிக்கு அஞ்சுகிறது என்று கூறிய வளர்ப்பாளர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. அச்சம் என்ற சொல்லை விடுத்து நடுக்கம், ஒளிதல், மூச்சிரைப்பு போன்ற குறிகளைத் தனித்தனியே வினவியபோது, அவற்றுள் ஒன்றையேனும் கண்டதாகக் கூறியவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். நாயின் உடல் சொன்னதை மனிதர் கண்டிருந்தும் அதற்கு 'அச்சம்' என்று பெயரிடவில்லை. உணவை மறுத்து மூலையில் அசையாமல் கிடக்கும் நாய் 'சாதுவாக இருக்கிறது' எனப்படுவதும் இவ்வகையைச் சார்ந்ததே.

வளர்ப்பு நாய்க்காவது இவ்வாறு வினவப்பட ஒருவர் உண்டு. இந்தியாவின் மற்றச் சிற்றூர்களைப் போலவே ஹட் பேயிலும் கடைத்தெருவையும் ஜெட்டியையும் சார்ந்து வாழும் ஊர் நாய்க்கு அப்படி ஒருவர் இல்லை. அந்தமானில் நாயே பழங்காலத்து உயிரன்று. 1858இல் பிரிட்டிஷார் தண்டனைக் குடியேற்றம் அமைத்த பின்னரே அது தீவுகளில் பரவியது. லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்கள் பின்னர் அதைப் பன்றி வேட்டைக்குத் துணையாக்கிக்கொண்டனர். மனிதர் கொண்டுவந்த உயிர், மனிதர் எழுப்பும் ஒலிக்குத் தானாகவே ஈடுகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகுமா?

இத்தீவின் நாள்காட்டியும் கடிகாரமும் சிக்கலை மிகுவிக்கின்றன. தமிழர்க்குத் தீபாவளி சதுர்த்தசி விடியலில் தொடங்குகிறது; வங்காளிகளின் காளி பூஜை அமாவாசை இரவுக்குரியது. இரு சமூகத்தாரும் வாழும் ஊரில் நாயின் பக்கமிருந்து பார்த்தால், விடியலில் தொடங்கும் ஓசை சில ஆண்டுகளில் மறுநாள் இரவிலும் தொடரக்கூடும். இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்பதால் ஐப்பசி மாதத்தில் இங்கு மாலை 5 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். "இருட்டுவதற்குள் 6 மணிக்கு நாயை நடத்திச் சென்று உணவளியுங்கள்" என்ற சென்னை அறிவுரை இங்கு காலம் கடந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு வகுத்த இரவு 8 முதல் 10 மணி வரையிலான வரம்பும், இங்கு இருட்டி மூன்று மணி நேரம் கழிந்த பின்னரே தொடங்குகிறது.

சட்டத்தின் செவியும் மனிதச் செவியே. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசுகளுக்குத் தடை உண்டு. அந்த டெசிபல், மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட அளவு. மனிதர் கேட்பது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய் கேட்பதோ 45,000 ஹெர்ட்ஸ் வரை. ஆகவே விதிக்கு உட்பட்ட வெடியும் நாய்க்கு உகந்த வெடி என்று பொருளாகாது.

வீட்டு நாய்க்குத் தீர்வுகள் உள்ளன. ஒலி குறைந்த உள்ளறை, மூடிய சன்னல், மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்து ஆகியவை உதவும். ஒவ்வொரு வெடிக்கும் பின் விருப்பமான தின்பண்டம் கொடுத்தல் பயனளித்ததாக, பெர்ன் பல்கலைக்கழகத்தின் 2020ஆம் ஆண்டு ஆய்வில் அதனைக் கையாண்ட வளர்ப்பாளர்களுள் 70 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் தெரிவித்தனர். அஞ்சும் நாயை அணைத்தால் அச்சம் வளரும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. ஆனால் இவை யாவும் கதவுள்ள வீட்டையும் உடனிருக்கும் மனிதரையும் வேண்டுபவை. ஊர் நாய்க்கு இருப்பது ஓட்டம் மட்டுமே. வெருண்டோடும் நாய் வழி தவறலாம், வண்டியில் அடிபடலாம்.

எனவே ஊர் நாயின் தீர்வு ஊராரின் தீர்வாகவே அமைய முடியும். வெடிப்பதற்கென ஒரு பொதுத்திடல், எல்லாச் சமூகத்தாரும் ஒப்பும் ஒரு நேரம், அந்த இரவில் நாய் ஒதுங்கும் திண்ணையிலிருந்தும் கடைவாசலிலிருந்தும் அதை விரட்டாமை ஆகிய மூன்றும் போதும். ஓசை ஓரிடத்தில் குவிந்தால் விலகிச் செல்லத் திசை ஒன்று கிடைக்கும். பொது இடங்களில் கூட்டாக வெடிப்பதை மேற்கூறிய தீர்ப்பும் ஊக்குவித்தது.

குழந்தைகளின் மகிழ்ச்சியைப் பறிப்பதா என்ற வினா எழும். அது பொருட்படுத்த வேண்டிய வினாவே. மத்தாப்பும் பூச்சட்டியும் திடலும் அதற்கான விடையின் பகுதி. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வலசை வரும் பறவைகளுக்காகப் பல்லாண்டுகளாக வெடியின்றியே தீபாவளி கொண்டாடுகின்றனர். அவ்வூரில் பண்டிகை அழிந்துவிடவில்லை. தொலைவிலிருந்து வரும் பறவைக்கு ஓர் ஊர் இவ்வளவு செய்ய இயலுமெனில், ஆண்டு முழுதும் தன் தெருவைக் காக்கும் நாய்க்கு இரண்டு மணி நேர ஒழுங்கை வழங்க மற்றோர் ஊருக்கு இயலாதா? பழகிக்கொள்ளும் பொறுப்பு இதுவரை நாயிடமே விடப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பங்கை மனிதர் ஏற்கலாம்.