தாயைப் போலப் பிள்ளையா?

பிள்ளை முரடனாகப் போனால், "தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவது நம் வழக்கம். பெண் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பழமொழியையே தராசாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். போதாக்குறைக்கு, விஞ்ஞானமும் இதைத்தான் சொல்கிறது என்று படித்தவர்கள் சிலர் எலிகளைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். சரி, எலிகள் என்ன சொல்கின்றன?

கனடாவில், மக்கில் சர்வகலாசாலையில் மைக்கேல் மீனி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் தாய் எலிகளைக் கவனித்தார்கள். சில தாய்கள் குஞ்சுகளை ஓயாமல் நக்கிக் கொடுக்கும். சில ஏனோதானோவென்று இருக்கும். நன்றாக நக்கப்பட்ட குஞ்சுகள் வளர்ந்த பிறகு லேசில் மிரளுவதில்லை. மற்றவை சிறு தொல்லைக்கும் வெலவெலத்துப் போகின்றன. இது 1997-இல் வெளிவந்தது.

"பார்த்தீர்களா, எல்லாம் பெற்றவளின் குணம்!" என்று அவசரப்பட வேண்டாம். அவர்களே குஞ்சுகளை மாற்றி வைத்தும் பார்த்து 1999-இல் எழுதினார்கள். நக்காத தாயின் பெண் குஞ்சை நக்குகிற தாயிடம் விட்டார்கள். அது வளர்ந்து தாயானதும், தன் குஞ்சுகளை நன்றாகவே நக்கிற்று! பெற்றவளின் குணம் எங்கே போயிற்று?

இன்னொன்றும் உண்டு. நன்றாக நக்கும் தாயைக் கர்ப்ப காலத்தில் கலங்க வைத்தால், பிறகு அதுவும் குஞ்சுகளைச் சரியாக நக்குவதில்லை.

அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்பவர் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்தார். அப்படி வளர்ந்த பெண் குரங்குகள் பின்னால் தாயானபோது, பல தம் குட்டியை ஒதுக்கின; சில கடித்து வதைத்தன. குற்றவாளி யார்? குரங்கா, அதைக் கூண்டில் அடைத்தவரா?

அதுவும் தலையெழுத்தல்ல. ஆறு மாதம் தனிமையில் கிடந்த குட்டிகளிடம் மூன்று மாதக் குட்டிகளைப் பழக விட்டார்கள். அந்தச் சின்னஞ்சிறிசுகள் போய்க் கட்டிக்கொண்டன. கட்டிக்கொள்ளக் கட்டிக்கொள்ள, தனித்துக் கிடந்தவையும் மெல்ல மெல்லத் தேறின. 1971-இல் ஹார்லோவே இதை எழுதினார்.

மனிதன் எலியல்ல, குரங்குமல்ல, எனக்கும் தெரியும். ஆனால் சாட்சியைக் கூட்டி வந்தவர்கள் அதன் வாக்குமூலத்தை முழுவதும் கேட்க வேண்டாமா? "உன் வளர்ப்புச் சரியில்லை" என்று மருமகளைக் குத்துகிற மாமியாரே, அவள் கர்ப்பமாயிருந்த பத்து மாதமும் அவளை எப்படி வைத்திருந்தீர்கள்? வாய் திறவாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் மகனே, நீர் என்ன செய்தீர்?

சேலை கிழிந்தால் நூலைப் பழிக்கிறோம். தறியில் உட்கார்ந்திருந்தவர்கள் நாமல்லவா?