மெனுவிலிருந்து எடுத்த பிறகும் பழைய விலை தெரிவது ஏன்?

''விருத்தாசலம் அருகே முந்திரி ஒட்டுக்கன்று நாற்றங்கால் நடத்துகிறோம். என் மகன் வேர்டுபிரஸில் ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்துவிட்டு, வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். கன்று விலை உயர்ந்ததால், 'கன்று விலை' என்ற பக்கத்தை மெனுவிலிருந்து நீக்கினேன். ஆனாலும், கூகுளில் தேடி வருபவர்கள் பழைய விலையைக் காட்டி, 'நீங்கதானே போட்டிருக்கீங்க' என்று சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?''

- வாசகர், விருத்தாசலம்.

மெனு வேறு, பக்கம் வேறு. உங்கள் ஊர் பீங்கான் அகல்விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கடை முகப்பில் இருக்கும் மாதிரி விளக்கை எடுத்துவிட்டால், குடோனில் உள்ள சரக்கு காலியாகிவிடாது. இணையதளத்தில் மெனுதான் முகப்பு. பக்கம் என்பது குடோன் சரக்கு. நீங்கள் முகப்பிலிருந்து மட்டும்தான் எடுத்திருக்கிறீர்கள். பக்கம் அதே முகவரியில் அப்படியே இருக்கிறது. கூகுளில் தேடுபவரும், வாட்ஸ்அப்பில் வந்த பழைய லிங்க்கைத் தொடுபவரும் மெனு வழியாக வருவதில்லை. நேராக அந்தப் பக்கத்துக்கே வந்துவிடுகிறார்கள்.

அதற்காகப் பக்கத்தையே அழித்துவிடாதீர்கள். அழித்தால், தேடி வருபவருக்கு 'பக்கம் இல்லை' என்றுதான் தெரியும். வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார். ஏற்கெனவே அழித்திருந்தாலும் கவலை வேண்டாம். வேர்டுபிரஸில் அழித்த பக்கம் வழக்கமாக 30 நாள்கள் 'டிராஷ்' பகுதியில் இருக்கும், அங்கிருந்து மீட்கலாம்.

சரியான வழி இதுதான். உள்ளே நுழைந்து 'பேஜஸ்' பகுதியில் 'கன்று விலை' பக்கத்தைத் திறந்து, புது விலையை எழுதுங்கள். விலைக்கு மேலே, எந்தத் தேதியிலிருந்து அந்த விலை என்பதையும் குறிப்பிடுங்கள். கன்று தீர்ந்துவிட்டால், 'இருப்பு இல்லை, முன்பதிவுக்கு அழைக்கவும்' என்று அதே பக்கத்தில் போடலாம். பிறகு 'அப்டேட்' அல்லது 'சேவ்' பொத்தானை அழுத்துங்கள். பக்கத்தின் முகவரியை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய லிங்க்குகள் வேலை செய்யாமல் போகலாம். கூகுள் தேடலில் பழைய விலை சில நாள்கள் தெரியக்கூடும். பக்கத்தைத் திறந்தால் புது விலைதான் இருக்கும்.

அடுத்து, 'அப்பியரன்ஸ்' பகுதியில் உள்ள 'மெனுஸ்' சென்று, அந்தப் பக்கத்தை மீண்டும் மெனுவில் சேருங்கள். சில புதிய வடிவமைப்புகளில் 'மெனுஸ்' இருக்காது. 'எடிட்டர்' என்பதற்குள் 'நேவிகேஷன்' என்று இருக்கும். மெனுவில் ஐந்தாறு தலைப்புகள் போதும். 'தயாரிப்புகள்' என்று பொதுவாக வைப்பதைவிட 'வி.ஆர்.ஐ-3 முந்திரிக் கன்று' என்று ரகத்தின் பெயரையே வைத்தால், வருபவருக்கு உடனே புரியும். செல்போனில் பெரும்பாலும் மெனு மூன்று கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். அதனால், உங்கள் தொலைபேசி எண்ணை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

முக்கியமான ஒன்று. 'அட்மின்' கடவுச்சொல் மகனிடம் மட்டும் இருக்கக் கூடாது. உங்களிடமும் இருக்க வேண்டும். தளத்தின் பெயரும் உங்கள் பெயரில் பதிவாகி, ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கப்பட வேண்டும். விலையை மாற்ற வீட்டில் வேறு யாருக்காவது பொறுப்பு கொடுத்தால், 'எடிட்டர்' அனுமதி போதும். அவர்களால் பக்கத்தைத் திருத்த முடியும். வழக்கமாக மெனுவில் கைவைக்க முடியாது.

நாற்றங்கால் பலகையில் விலை மாறும் அன்றைக்கே, இணையதளத்திலும் மாற்றிவிடுங்கள். நூறு கிலோமீட்டர் வண்டி பிடித்து வருகிறவர், அந்த விலையை நம்பித்தான் கிளம்புகிறார்.