ஆணியில் மாட்டிய பை



2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல், 2015 வெள்ளம் எல்லாவற்றையும் கடலூர் முதுநகரில் இருந்து பார்த்தவள் நான். வெள்ளத்தில் ரேஷன் கார்டையும் வீட்டுப் பத்திரத்தையும் கட்டைப்பையில் திணித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தேன். பாதி வழியில் பையின் காது அறுந்தது. அன்றிலிருந்து முதுகுப்பைதான், குழந்தையைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.

விலை உயர்ந்த மலையேற்றப் பை வேண்டாம், நிவாரண முகாமில் எல்லார் கண்ணும் அதன்மேல்தான் விழும். பிள்ளையின் பழைய ஸ்கூல் பை போதும். தோள்வார் சேருமிடத்தில் மட்டும் தையல்காரரிடம் நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டு வாங்குங்கள். எந்தப் பையும் நனையும். பத்திரங்களை உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். மாத்திரையும் டார்ச்சும் அதிலேயே இருக்கட்டும்.

ஐப்பசி பிறக்குமுன் கடலோரத்து வீடுகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பை ஆணியில் தொங்க வேண்டும்.

– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்