மண்ணுக்குள் ஒரு பிரசவ அறை

என் பெண் பிரசவத்துக்கு வந்து, குழந்தைக்கு இருபத்தெட்டு நாள் ஆகிறது. பால் கொடுக்கிறவள், ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்கிறாள். உடம்பு போட்டுவிட்டதாம்! நான் சண்டை போடவில்லை. ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

பூகோளப் பாடத்தில் தூந்திரப் பிரதேசம் என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? மரம் கிடையாது, பாசி உண்டு, பனிமான் உண்டு. பரீட்சைக்கு அது போதும். அங்கே ஒரு தாய் எப்படிப் பிள்ளை பெறுகிறாள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் சர்ச்சில் என்று ஒரு சிற்றூர். அதன் அருகே 1996-ல் ஏற்பட்டது வாபுஸ்க் தேசியப் பூங்கா. அங்குள்ள கிரீ மக்களின் பாஷையில் வாபுஸ்க் என்றால் வெள்ளைக் கரடி. கோடையில் மேல் மண் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். அடி மண் எப்போதும் உறைந்தே கிடக்கும்.

பனிக்கரடிக்குச் சாப்பாடு சீல். அதைப் பிடிப்பது கடல் மேல் உறைந்த பனியில். கோடையில் பனி உருகியதும் எல்லாக் கரடியும் கரையேறி, குளிர் காலம் தொடங்கிக் கடல் உறைந்ததும் திரும்பிவிடும். கர்ப்பிணி மட்டும் போகமாட்டாள். ஏரிக்கரை மேட்டில் மக்கிய பாசி மண்ணைக் குடைந்து உள்ளே படுத்துவிடுவாள்.

நவம்பர், டிசம்பரில் குட்டி பிறக்கும். பெரும்பாலும் இரண்டு. அவ்வளவு பெரிய தாய்க்குப் பிறக்கிற குட்டி, கண் திறக்காமல், முக்கால் கிலோகூட இருக்காது! ஆனால் தாய்ப்பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. மார்ச் வாக்கில் வெளியே வரும்போது குட்டி பத்துக் கிலோ. அதுவரை எட்டு மாதம் தாயின் வாயில் ஒன்றும் கிடையாது. எல்லாம் பனி உருகுமுன் தின்று சேர்த்த கொழுப்புதான்.

எனக்கு அதைவிட அதிசயம் இது. வசந்தத்தில் இணை சேர்ந்தாலும் கரு உடனே வளராது. மழைக்குக் காத்திருக்கிற விதை மாதிரி மாசக்கணக்கில் சும்மா இருக்கும். தாய் உடம்பில் சேமிப்பு போதவில்லையென்றால் கரு தங்காமலே போய்விடும். இலையுதிர் காலத்தில் 189 கிலோவுக்குக் குறைந்த கரடி குட்டி போடவில்லை என்று அங்கே எடை போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

வயிற்றைக் கலக்குகிற சங்கதி இனிமேல்தான். பூமி சூடேறி, 1980-களில் உருகியதைவிட அங்கே பனி இப்போது ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே உருகுகிறது. கொழுத்த சீல் குட்டிகள் கிடைக்கிற நாட்களே பறிபோகின்றன. 1987-ல் அந்தப் பக்கம் சுமார் 1,200 கரடி. 2021 கணக்கெடுப்பில் 618.

கேட்டுக்கொண்டிருந்த என் பெண், "கரடி எட்டு மாசம் பட்டினி கிடக்குது. எனக்கு ஒரு ராத்திரிதானேம்மா?" என்றாள்!

"அவ சேர்த்து வெச்சிட்டுப் படுத்தாடி. நீ என்ன சேர்த்தே?" என்று பூண்டுக் குழம்பை ஊற்றினேன். சாப்பிட்டாள். தட்டை என்னிடம் நீட்டும்போதுதான் கேட்டாள், "அந்த 618-ல தாய் எத்தனைம்மா இருக்கும்?"