பயிற்சி யாருக்கு, கேமரா யார் கையில்?

2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளத் திரைப்படக் கொள்கை மாநாட்டில் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் பேசிய பேச்சு பெரும் விவாதத்தை எழுப்பியது. பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் பெண் இயக்குநர்களுக்கும் படம் எடுக்கக் கேரள அரசு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை நிதி வழங்குகிறது. அந்நிதியைப் பெறுவோருக்குக் குறைந்தது மூன்று மாதத் தீவிரப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றார் அவர். பயிற்சி வேண்டாம் என்று நாம் வாதிடப்போவதில்லை. பயிற்சி கிடைக்கும் இடத்தின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதே நம் கேள்வி.

கேரளமே இதற்குச் சான்று. இந்தியாவின் முதல் தலித் குடியரசுத் தலைவரின் பெயரைத் தாங்கிக் கோட்டயம் மாவட்டத்தில் இயங்குகிறது கே.ஆர். நாராயணன் திரைப்பட நிறுவனம். மாணவர் சேர்க்கையில் இடஒதுக்கீடு மீறப்பட்டது, இயக்குநர் சாதிப் பாகுபாடு காட்டினார் என்று குற்றம்சாட்டி 2022 டிசம்பரில் அதன் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2023 ஜனவரியில் நிறுவன இயக்குநர் பதவி விலகினார். அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்த அடூரும் அம்மாத இறுதியில் விலகினார். பயிற்சிக்கூடத்தின் உள்ளேயே சாதி பற்றிய புகார் எழும் நாட்டில், பயிற்சியின்மையைத் தலித் கலைஞரின் தனிப்பட்ட குறையாகப் பேசுவது பொருந்தாது.

இக்கேள்வியைத் தென்சென்னைப் புறநகரில் வைத்துப் பார்ப்போம். 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தொடங்கி, வண்டலூர், காட்டாங்குளத்தூர், சோழிங்கநல்லூர் வரை கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நிறைந்துள்ளன. பலவற்றில் காட்சித் தொடர்பியல் ஒரு பட்டப்படிப்பு. குறும்படம், ஆவணப்படம், கைப்பேசிவழிக் கதைசொல்லல் ஆகியவை அங்கே பாடங்கள். இதே நிலப்பரப்பில்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளும் உள்ளன. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரின் பிற பகுதிகளிலிருந்தும் 2000-க்குப் பிறகு அகற்றப்பட்ட உழைக்கும் மக்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். அவர்களில் தலித் மக்கள் பெருமளவில் உள்ளனர். கல்லூரிக் கேமராவுக்கு இக்குடியிருப்புகள் எளிதில் எட்டும் ‘கதைக்களம்’. அங்கே வளரும் பிள்ளைகளுக்கோ அந்தக் கல்லூரியின் படத்தொகுப்பு அறை எட்டாத தொலைவு.

இத்தொலைவுக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. காட்சித் தொடர்பியல் பல கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவில் நடத்தப்படுகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு இரண்டரை இலட்சம் ரூபாய். கட்டணம் தவிர்த்துக் கிடைக்கும் கல்விப் படி, விடுதியில் தங்கும் உயர்பிரிவு மாணவருக்கே ஆண்டுக்கு 13,500 ரூபாய்தான். படத்தொகுப்புக்கு ஏற்ற கணினி, கேமரா வாடகை, ஒலிவாங்கி, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்கு இது எப்படிப் போதும்? ஆகவே குழுப் பணியில் கேமரா வைத்திருப்பவர் இயக்குநராகிறார். இல்லாதவர் விளக்குப் பிடிக்கிறார். மதிப்பெண் பட்டியல் இதைத் ‘திறமை’ என்று பதிவுசெய்கிறது.

வாய்ப்பு கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. மராத்தி இயக்குநர் நாகராஜ் மஞ்சுளேவின் ‘பிஸ்துல்யா’ குறும்படம், அகமத்நகரில் தொடர்பியல் படித்தபோது பாடப்பணியாக எடுக்கப்பட்டதுதான். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. ‘ஃபன்றி’யும் ‘சைராட்’டும் அதன் பின் வந்தவை.

வழக்கறிஞர்கள் என்ற முறையில், இப்பாடத்திட்டங்களில் மூன்று சட்ட அறிவுகள் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்கிறோம்.

முதலாவது, உரிமை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். அதாவது, படத்தை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். பொதுவாக அவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தர எழுத்துப்பூர்வமான, கையொப்பமிட்ட ஒப்பந்தம் தேவை. ஆகவே சேர்க்கையின்போது நீட்டப்படும் படிவங்களை மாணவர்கள் படித்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும்.

இரண்டாவது, சான்று. 2015-இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானார். திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு அவ்வழக்கின் முதன்மைச் சான்றுகளில் ஒன்றாக நின்றது. 2022-இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ஒரு காட்சி நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் மின்னணுப் பதிவுக்குரிய சான்றிதழ் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, அச்சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. மூலக் கோப்பை அழிக்காமல், வெட்டாமல் காப்பது எப்படி என்று தெரிந்த மாணவர், வன்கொடுமை நிகழ்ந்த ஊருக்குப் பெரும் துணை.

மூன்றாவது, கருத்துரிமை. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டளித்தது. போராட்டம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பதிவுசெய்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்திற்கு 2017-இல் பல ஊர்களில் திரையிடல் மறுக்கப்பட்டது. மக்கள் அதை யூடியூபில் பார்த்தனர். நமக்கு எதிரான படத்தைக் காத்த தீர்ப்பு நம் படத்தையும் காக்க வேண்டும். அத்தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதி கேட்க மாணவர்கள் பழக வேண்டும்.

உரிமையோடு கடமையும் வருகிறது. பெரும்பாக்கத்தில் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் கேமரா நுழையுமுன், அவருக்குப் புரியும் தமிழில் ஒப்புதல் பெற வேண்டும். ‘வேண்டாம்’ என்று அவர் பின்னர் சொன்னாலும் ஏற்க வேண்டும். முதல் திரையிடல் அந்தக் குடியிருப்பிலேயே நடக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் மறக்கலாகாது.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினர். அச்சு இயந்திரம் அன்று பிறர் கையில் இருந்தது. கேட்டும் திரட்டியும் அதை வசப்படுத்தினார்கள். இன்றைய கோரிக்கைகள் எளியவை: கருவிகளை நூலகப் புத்தகம்போல் இரவல் தரும் முறை, மாலையிலும் விடுமுறையிலும் திறந்திருக்கும் படத்தொகுப்பு அறை, சுழற்சிமுறையில் அனைவருக்கும் இயக்குநர் பொறுப்பு, படத்தின் உரிமை குறித்த எழுத்துப்பூர்வக் கொள்கை. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர் இப்பாடத்தில் சேர்ந்தனர், எத்தனை பேர் முடித்தனர் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். இந்தக் கல்வியாண்டிலேயே அம்மனுக்களை எழுதத் தொடங்குவோம்.