பிடித்தலும் பேணுதலும்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டின் செய்தியைப் போர்ட் பிளேரிலுள்ள (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இஸ்ரோ நிலையம் சில நிமிடங்களே கேட்க இயலும். ராக்கெட் வினாடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குமாயின், அதன் 2,200 மெகாஹெர்ட்ஸ் அலை, டாப்ளர் விளைவால் ஏறக்குறைய 50 கிலோஹெர்ட்ஸ் உயர்ந்து வரும். விலகுங்கால் அவ்வாறே தாழும்.

ஏற்பியிலுள்ள கட்டப்பூட்டுச் சுற்று, தன் அலையியற்றியை வரும் அலையுடன் ஒப்பிட்டு, வேறுபாட்டை வடித்து, அதனைக் கொண்டே அலையியற்றியைத் திருத்துகிறது. வடிப்பான் அகன்றிருப்பின் அலை விரைவில் அகப்படும். இரைச்சலும் உடன் நுழையும். குறுகியிருப்பின் இரைச்சல் அடங்கும். விலகி நிற்கும் அலையோ எளிதில் அகப்படாது. ஆதலின் அகன்று பிடித்துக் குறுகிப் பேணுதலே தக்க முறை.

பூட்டிய நிலையை மட்டும் கற்பித்தல் போதாது. பிடிக்கும் எல்லை பெரும்பாலும் பேணும் எல்லையினும் சிறியது என்பதை மாணவர் கருவியிலேயே காணுதல் வேண்டும். ராக்கெட் மீண்டும் திரும்பி வந்து செய்தி சொல்லாது.