ஊசி போடலாமா என்பதை வரிசையில் நின்று முடிவுசெய்ய முடியாது

கரோனா தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. அடுத்த சில நாள்களில், கோவேக்சினைத் தயாரித்த பாரத் பயோடெக் நிறுவனம் ஒரு தகவல் குறிப்பை வெளியிட்டது. தடுப்பாற்றல் குறைந்தவர்களும் தடுப்பாற்றலைப் பாதிக்கும் மருந்து உட்கொள்பவர்களும் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும் என்றது அது. மார்ச் 1 முதல் 45-59 வயதுள்ள இணைநோயாளிகளுக்கு ஒன்றிய அரசு முன்னுரிமை அளித்தபோது வெளியிட்ட பட்டியலிலோ, நீண்ட காலமாக ஸ்டீராய்டு மாத்திரையும் தடுப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் எடுப்பவர்கள் இடம்பெற்றிருந்தார்கள். ஆறு வார இடைவெளியில் ஒரே நோயாளிக்கு 'வராதே' என்றும் 'முதலில் வா' என்றும் இரண்டு அறிவுரைகள். முகாமில் அன்று எந்த ஊசி இருப்பில் இருந்தது என்பதைப் பொறுத்து, அவற்றில் எது பொருந்தும் என்பதை அந்த நோயாளியே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்குநோய்களுக்குச் சிகிச்சை அளிப்பவன் நான். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் 'ஊசி போடலாமா, டாக்டர்?' என்று கேட்பது கரோனாவோடு முடிந்துவிடவில்லை. மழைக்காலக் காய்ச்சலுக்கான ஊசி, நிமோனியா ஊசி, அக்கி ஊசி, வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கு முன் போட வேண்டிய ஊசி, பிறந்த குழந்தைக்கான ஊசி என்று ஆண்டு முழுவதும் அது வந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான ஊசிகளைப் போடலாம், போடவும் வேண்டும் என்பதே என் பதில். ஆனால் எந்த ஊசி, எப்போது, எந்த மருந்தோடு என்கிற மூன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பதில் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லும் பொறுப்பு முகாமில் ஊசி போடும் செவிலியருடையதன்று. மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவருடையது.

நோயாளிகளின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. தடுப்பாற்றல் அடக்கும் மருந்து எடுப்பவர்கள் 2020இல் நடந்த கரோனா தடுப்பூசிப் பரிசோதனைகளில் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. தங்களைப் போன்றவர்களிடம் சோதிக்கப்படாத ஒன்றைப் பற்றி அவர்கள் கேள்வி கேட்டது சரியே. அப்படிக் கேட்பதற்கு இந்த மண்ணுக்குத் தனி உரிமையும் உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர் பகுதியில்தான் 1968இல் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியின் மிகப் பெரிய களப் பரிசோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்கேற்றார்கள். பிரிட்டனில் நல்ல பலன் தந்த அதே ஊசி, இங்கே வளர்ந்தவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கவில்லை என்று 1979-80இல் தெரியவந்தது. 15 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் 1999இல் வெளியான அறிக்கையும் அதையே உறுதிசெய்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளை, குறிப்பாக மூளைக் காய்ச்சலை, பிசிஜி தடுக்கிறது என்பதால் பிறந்தவுடன் அதைப் போடுவது இன்றும் தொடர்கிறது. ஓர் ஊரில், ஒரு வயதினரிடம் கிடைத்த விடையை இன்னோர் இடத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களுள் திருவள்ளூர் முக்கியமானது.

தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களிடம் பிறகு ஆய்வுகள் நடந்தன. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பின் பதிவேடு, கரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட 5,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்தது. அழற்சி சார்ந்த வாதநோய் உள்ளவர்களில் 4.4 சதவீதத்தினருக்கு ஊசிக்குப் பின் நோய் கிளர்ந்தது. கடுமையாகக் கிளர்ந்தது 0.6 சதவீதத்தினருக்கு. ஊசியே போடாவிட்டாலும் முடக்குவாதமும் லூபஸும் அவ்வப்போது கிளரும் நோய்கள் என்பதால், இந்த 4.4 சதவீதம் முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதே சமயம், ஊசி போட்ட வாரத்தில் விரல் மூட்டு வீங்கிய ஒருவரிடம் சதவீதம் பேசுவதும் ஆறுதலாகாது. என் பார்வையில் உள்ள சாய்வையும் சொல்லிவிடுகிறேன். ஊசிக்குப் பின் வலி கூடியவர் என்னைத் தேடி வருவார். ஒன்றும் ஆகாதவர் வேலைக்குப் போய்விடுவார். மருத்துவரின் அனுபவத்தை மட்டும் நம்பினால் ஊசி உண்மையைவிட ஆபத்தானதாகத் தெரியும். பதிவேடுகள் தேவைப்படுவது அதனால்தான்.

தடுப்பூசியால் தன்னுடல் தாக்குதல் வரவே வராது என்று நான் எழுத மாட்டேன். 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியால், நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் ஏறத்தாழ லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்தது. இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்ட ஆஸ்ட்ராசெனகா ஊசி, மிக அரிதாக, ரத்தத்தட்டுகளின் புரதம் ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தூண்டி ரத்தம் உறையச் செய்தது. இன்னொரு பக்கம், ஹெபடைட்டிஸ் பி ஊசியால் நரம்பு உறை சிதையும் நோய் வருகிறது என்ற சந்தேகத்தில் 1998இல் பிரான்ஸ் பள்ளிகளில் அந்த ஊசியை நிறுத்தியது. பின்னர் வந்த ஆய்வுகள் அந்தச் சந்தேகத்தை உறுதிசெய்யவில்லை. சில அச்சங்கள் மெய்யாகின்றன, சில பொய்யாகின்றன. எது எதுவென்று காலத்தில் சொல்ல வேண்டியது அரசின் கடமை. நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து, அதற்கடுத்த நாள் இறந்தார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு கூறியது அக்டோபரில். இடையில் போன ஆறு மாதத்தில் அச்சம் எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

இனி, தராசின் மறுதட்டு. தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களின் உயிரைப் பறிப்பவற்றில் தொற்றுநோய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நோய், அதற்கான மருந்து இரண்டுமே தொற்றுக்கு வழிவிடுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இவற்றோடு தொழிலும் சேர்ந்துகொள்கிறது. இரும்பை உருக்கும் தூண்டல் உலைகளின் உட்பூச்சுக்குச் சிலிக்கா தூளைப் பயன்படுத்துகிறார்கள். வார்ப்பு வேலையிலும் அந்தத் தூசு உண்டு. சிலிக்கா தூசை நெடுங்காலம் சுவாசிப்பவர்களுக்கு முடக்குவாதம், லூபஸ், தோல் இறுக்க நோய் ஆகியவை வரும் வாய்ப்பு கூடுகிறது. காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. உலோகப் புகையைச் சுவாசிக்கும் வெல்டர்களுக்கு நிமோனியா ஆபத்து அதிகம் என்பதால், நிமோகாக்கஸ் ஊசியை அவர்களுக்குப் பரிசீலிக்க வேண்டும் என்று பிரிட்டனின் தடுப்பூசிக் கையேடு சொல்கிறது. ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்து ஒரே அறையில் பலராகத் தங்கியிருக்கும் தொழிலாளி ஒருவர், முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டே வெல்டிங் வேலைக்குப் போகிறார் என்றால், காய்ச்சல் ஊசியும் நிமோனியா ஊசியும் வேண்டாம் என்று அவர் எடுக்கும் முடிவுக்கும் ஆபத்து உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, அவ்வளவுதான்.

எந்த ஊசி என்பதில் ஒரு கோடு தெளிவானது. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகளை, தடுப்பாற்றலை வலுவாக அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்குப் பொதுவாகப் போடக் கூடாது. தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், பிசிஜி ஆகியவை இந்த வகை. உயிருள்ள கிருமி இல்லாத காய்ச்சல் ஊசி, நிமோகாக்கஸ், ஹெபடைட்டிஸ் பி, இப்போது கிடைக்கும் புரதவகை அக்கி ஊசி போன்றவற்றால் தொற்று உண்டாகாது. அவற்றில் கேள்வி பாதுகாப்பைவிடப் பலனைப் பற்றியது: மருந்து அடக்கி வைத்திருக்கும் உடல் போதிய எதிர்ப்பைக் காட்டுமா?

இங்கேதான் 'எப்போது' வருகிறது. காய்ச்சல் ஊசிக்குப் பின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவைத்தவர்களுக்குப் பலன் கூடியதாகத் தென்கொரிய ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. கரோனா ஊக்க ஊசிக்குப் பின் அதேபோல் நிறுத்தியவர்களின் எதிர்ப்பொருள் இரு மடங்கானதை 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வு கண்டது. கொச்சியில் கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர்களிடம் நடந்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. ஆனால் நிறுத்தியவர்களிடம் நோய் கிளர்வதும் கூடியது. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் வழிகாட்டுதல், நோய் கட்டுக்குள் இருந்தால் காய்ச்சல் ஊசிக்கு மட்டும் இரண்டு வாரம் நிறுத்தலாம், உயிரற்ற பிற ஊசிகளுக்கு நிறுத்த வேண்டாம் என்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை ஏற்றும் ரிடுக்சிமேப் மருந்தில் கணக்கு வேறு: காய்ச்சல் ஊசி தவிர்த்த மற்றவற்றை அடுத்த தவணை நெருங்கும்போது போட்டுவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் கழித்து மருந்தை ஏற்ற வேண்டும். சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்றவற்றில் எதையும் நிறுத்தத் தேவையில்லை. இதில் ஒன்றையாவது முகாம் வரிசையில் நிற்பவர் தானாக முடிவுசெய்ய முடியுமா? நான் பார்க்கும் வழக்கம் இதைவிட மோசமானது: ஊசிக்குப் பயந்து ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்திவிடுகிறார்கள். அது ஊசியைவிட ஆபத்து.

எல்லாவற்றிலும் நல்ல வாய்ப்பு, மருந்து தொடங்குவதற்கு முன்புள்ள சில நாள்கள்தான். நோய் உறுதியான அன்றே தேவையான ஊசிகளைப் போட்டுவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். 'வலியில் துடிப்பவரிடம் ஊசி பற்றிப் பேச ஏது நேரம், சிகிச்சையைத் தள்ளிப்போடுவதா?' என்று என் துறையினர் கேட்பது எனக்குத் தெரியும். சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. மருந்து தொடங்கும் முன் காசநோய்க்குப் பரிசோதிக்கிறோம், கல்லீரலுக்கு ரத்தம் எடுக்கிறோம். அந்தச் சீட்டிலேயே இன்னொரு வரி எழுத நேரம் இருக்கும்.

அந்த வரி இல்லாததன் விளைவு சில சமயம் அடுத்த தலைமுறைக்கும் போகிறது. அடலிமுமேப், இன்ஃப்ளிக்சிமேப் போன்ற உயிரியல் மருந்துகளைக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் எடுக்கும் தாயிடமிருந்து அவை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகின்றன. அப்படிப்பட்ட குழந்தைக்குப் பிசிஜி ஊசியைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிவைக்கப் பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பிரிட்டனில் அப்படி ஊசி போடப்பட்ட குழந்தை இறந்தது 2010இல் பதிவாகியிருக்கிறது. நம் மகப்பேறு வார்டுகளிலோ பிசிஜி பிறந்தவுடன் போடப்படுவது, அது சரியான நடைமுறையும்கூட. தாயின் மருந்து விவரம் கர்ப்பிணிகளுக்கான அரசின் பிக்மி பதிவிலும் தாய்-சேய் அட்டையிலும் ஏறியிருந்தால்தான் அந்த ஒரு குழந்தைக்கு விலக்கு கிடைக்கும்.

அரசின் பங்கு தனி. தடுப்பாற்றல் குறைந்தவர்களுக்குக் கூடுதல் தவணை தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2021 அக்டோபரில் சொன்னது. இந்தியாவில் 2022 ஜனவரி 10 அன்று முன்னெச்சரிக்கைத் தவணை தொடங்கியபோது அது சுகாதார, முன்களப் பணியாளர்களுக்கும் 60 வயது கடந்த இணைநோயாளிகளுக்குமே கிடைத்தது. ரிடுக்சிமேப் எடுக்கும் 35 வயதுத் தொழிலாளி ஏப்ரல் 10 வரை காத்திருந்து தனியாரிடம் பணம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது ஜூலை 15 வரை இலவச ஊசிக்குக் காத்திருக்க வேண்டும். நிமோகாக்கஸ் ஊசி இன்றும் அப்படித்தான்: குழந்தைகளுக்கு இலவசம், மருந்தால் தடுப்பாற்றல் இழந்த வளர்ந்தவருக்குச் சில ஆயிரம் ரூபாய். மெத்தோட்ரெக்சேட்டை இலவசமாகக் கொடுக்கும் அரசு மருத்துவமனையும் ஈ.எஸ்.ஐ. மருந்தகமும் அதன் துணைவிளைவைத் தடுக்கும் ஊசியையும் அதே சாளரத்தில் கொடுப்பதே முறை. 2022இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைத் தொடங்கலாம். சென்னைக்கு ரயிலேறி ஒருநாள் கூலியை இழக்கும் தேவை இருக்காது.

தடுப்பூசி போட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்தது. அதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மறுக்கும் உரிமைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், தன் நோய்க்கும் தன் மருந்துக்கும் ஏற்ற விளக்கம் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். சான்றிதழுக்காகப் பயத்தோடு போட்டுக்கொண்டவரும், கேள்விப்பட்டதை வைத்து மறுத்தவரும் தாங்களாக முடிவெடுத்தவர்கள் அல்லர். ஆகவே தடுப்பாற்றலை அடக்கும் மருந்தை எழுதும் எவரும், நான் உட்பட, எந்த ஊசி, எப்போது, எந்த மாத்திரையை நிறுத்தி என்பதை அதே சீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த வரி இல்லாத சீட்டு கைக்கு வந்தால், நாற்காலியை விட்டு எழும் முன் நோயாளி அதைக் கேட்டு வாங்கலாம். அது அவருக்குச் சேர வேண்டிய சிகிச்சையின் ஒரு பகுதி.

- கட்டுரையாளர், வாதநோய் மருத்துவ நிபுணர்.